வெள்ளிக்கிழமை கூட்டத்தில் வளர்ந்த பெஞ்சமின் பிராங்க்ளின்



நம்ம மலருக்குப் பெரியவங்க ஒருத்தரோட வாழ்க்கையை எழுதித் தரணும்னு தலைவி அக்கா கேட்டாங்க. நான் பெஞ்சமின் பிராங்க்ளினை எடுத்துக்கிட்டேன். பிள்ளைகளோட அறிவியல் பாடத்துல பட்டம் விட்டு மின்னலைப் பற்றி ஆராய்ச்சி செய்தவர்னு இவர் பேர் வரும். அமெரிக்காவோட நூறு டாலர் நோட்டில் இருப்பதும் இவர் படம்தான். ஆனால் விஞ்ஞானி பிராங்க்ளினைப் பற்றி நான் அதிகம் எழுதப் போறதில்லை. கையில் காசில்லாமல் ஒரு ஊருக்கு வந்து இறங்கின பையன், சின்னச் சின்னத் தொழில் செய்றவங்களோட வாரம் ஒரு நாள் உட்கார்ந்து பேசிப் பேசியே எப்படி முன்னுக்கு வந்தார் என்பதைத்தான் சொல்லப் போறேன்.

மாவட்டத்தில் வாங்குவோர் விற்போர் சந்திப்பு வைக்கிறாங்க. வட்டார அளவில் தொழில் செய்ற பெண்களைக் கூப்பிடுறாங்க. போகலாமா, ஒரு நாள் கூலி போயிடுமே, அங்க போய் நாம என்ன பேசுறது என்று நம்மில் பலபேர் தயங்குகிறோம். அப்படித் தயங்குறவங்க இதைப் படிக்கணும்னு எனக்கு ஆசை.

இரண்டு வருடப் படிப்பு

பெஞ்சமின் பிராங்க்ளின் 1706 ஜனவரி 17ந் தேதி பாஸ்டன் நகரத்தில் பிறந்தார். அப்போது அமெரிக்கா தனி நாடு கிடையாது, இங்கிலாந்து ராஜாவின் ஆட்சியில் இருந்தது. அப்பா கொழுப்பைக் காய்ச்சி மெழுகுவர்த்தியும் சோப்பும் செய்கிறவர். இரண்டு தாரத்துக்கும் சேர்த்து 17 பிள்ளைகள். பெஞ்சமின் பதினைந்தாவது பிள்ளை, ஆண் பிள்ளைகளில் கடைசி.

எட்டு வயசுல பள்ளிக்கூடத்தில் சேர்த்தாங்க. அத்தனை பிள்ளைகளை வச்சுக்கிட்டு செலவுக்குக் கட்டுப்படியாகலை. பத்து வயசுல நிறுத்தி, திரி வெட்டவும் அச்சில் ஊற்றவும் அப்பா கூடவே வச்சுக்கிட்டார். பையனுக்கு அந்த வேலை பிடிக்கலை, கப்பலில் ஏறிப் போயிடுவானோ என்று அப்பாவுக்குப் பயம். புத்தகம் என்றால் உயிராக இருக்கிறானே என்று 12 வயசில் அண்ணன் ஜேம்ஸ் நடத்தின அச்சகத்தில் தொழில் பழக விட்டார்.

அங்கே அச்சுக் கோர்க்கக் கற்றுக்கொண்டார். ஆனால் அண்ணன் அடிப்பார், தம்பிக்கு ரோஷம். 1723ல், 17 வயசில், சொல்லாமல் கொள்ளாமல் ஓடி பிலடெல்பியா நகரத்தில் போய் இறங்கினார். கையில் ஒரு டாலரும் கொஞ்சம் செப்புக் காசும்தான். பசிக்கு ரொட்டி கேட்டால் மூன்று பெரிய ரொட்டியாகக் கொடுத்துட்டாங்க. இரண்டை இரண்டு அக்குளில் இடுக்கிக்கிட்டு ஒன்றைக் கடித்துக்கொண்டே தெருவில் நடந்தாராம். வாசலில் நின்ற டெபோரா என்ற பெண்ணுக்கு அந்தக் கோலம் வேடிக்கையாக இருந்தது. பின்னாளில் அந்தப் பெண்தான் அவருக்கு மனைவியானார். மிச்சம் இருந்த இரண்டு ரொட்டியையும், கூடப் படகில் வந்த ஒரு தாய்க்கும் பிள்ளைக்கும் கொடுத்துவிட்டார்.

அந்த ஊரில் கைமர் என்பவரின் அச்சகத்தில் வேலை கிடைத்தது. வில்லியம் கீத் என்ற ஆளுநர் இவரைப் பார்த்து, தனியாக அச்சகம் வைத்துத் தருகிறேன், லண்டனுக்குப் போய் மிஷின் வாங்கி வா, கடனுக்கு நான் கடிதம் தருகிறேன் என்று ஆசை காட்டினார். நம்பி 1724ல் கப்பல் ஏறினார். லண்டன் போய்ப் பார்த்தால் கடிதமும் இல்லை, ஒன்றும் இல்லை. ஊர் திரும்ப வழியில்லாமல் அங்கேயே அச்சகங்களில் கூலிக்கு வேலை பார்த்துவிட்டு 1726ல்தான் திரும்பினார். பெரிய மனுஷர் கொடுத்த வாக்கு இப்படி முடிந்தது. இவரை ஆளாக்கினவங்க இவரைப் போலவே கைத்தொழில் செய்தவங்கதான்.

வெள்ளிக்கிழமை கூட்டம்

1727ல் பிராங்க்ளினுக்கு 21 வயசு. தெரிந்த தொழிலாளிகளையும் நண்பர்களையும் சேர்த்து ஒரு குழு ஆரம்பித்தார். பேர் ஜன்டோ. வெள்ளிக்கிழமை சாயங்காலம் வேலை முடிந்ததும் கூடணும். மொத்தம் 12 பேர். நம்ம குழுவில் எத்தனை பேரோ ஏறக்குறைய அத்தனை பேர்!

அதில் யார் யார் இருந்தாங்க தெரியுமா? அச்சகத்தில் வேலை செய்றவங்க, கண்ணாடி பதிக்கிறவர், பத்திரம் நகல் எழுதுறவர், நிலம் அளக்கிறவர், செருப்பு தைக்கிறவர், மரவேலை செய்றவர், ஒரு வியாபாரியிடம் கணக்கு எழுதுறவர். ஒரே ஒருத்தர்தான் கொஞ்சம் வசதியான வீட்டுப் பிள்ளை. பெரும்பாலும் வேற வேற தொழில். இதைக் கவனிக்கணும். எல்லாரும் ஒரே தொழிலாக இருந்திருந்தால் ஒருத்தருக்கொருத்தர் போட்டியாகப் போயிருக்கும். வேற வேற தொழில் என்பதால் ஒருத்தருக்குத் தெரிந்த வாடிக்கையாளர் இன்னொருத்தருக்கும் உதவினார்.

கூட்டத்தில் சும்மா ஊர்க்கதை பேசுறதில்லை. வழக்கமாகக் கேட்கிற கேள்விகள் என்று 24 எழுதி வைத்திருந்தார் பிராங்க்ளின். சிலதை என் வார்த்தையில் சொல்றேன். நம்ம ஊரில் புதுசாக யார் தொழிலில் முன்னுக்கு வந்தாங்க, எப்படி வந்தாங்க? யாருக்குத் தொழில் நொடித்தது, என்ன காரணம்? ஊருக்குப் புதுசாக வந்தவங்களில் நாம் உதவ வேண்டியவர் யாராவது இருக்காங்களா? இப்போதுதான் தொழில் ஆரம்பித்த இளவட்டம் யார், அவங்களைத் தூக்கிவிட என்ன செய்யலாம்? நீ யாரோட பழக்கம் ஏற்படுத்திக்க ஆசைப்படுற, அதை நம்ம குழுவில் யாராவது செய்து தர முடியுமா?

இந்தக் கடைசிக் கேள்விதான் எனக்கு ரொம்பப் பிடித்தது. எனக்கு யாரைத் தெரியும் என்று யோசிப்பதைவிட, என் தோழிக்கு யாரை அறிமுகம் செய்து வைக்கலாம் என்று யோசிக்கிற கேள்வி அது.

ஒரு கட்டுப்பாடும் வைத்தாங்க. தான் சொல்றதுதான் சரி என்று அடித்துப் பேசினாலோ, அடுத்தவர் பேச்சை முகத்தில் அடித்தாற்போல் மறுத்தாலோ சின்ன அபராதம். அதனால் சண்டை வந்து குழு உடையலை. ஏறக்குறைய 40 வருஷம் நடந்தது.

தெரிந்தவர் மூலமாக வந்த தொழில்

1728ல் பிராங்க்ளின், குழுவில் இருந்த ஹியூ மெரிடித் என்பவரோடு பங்கு சேர்ந்து சொந்த அச்சகம் வைத்தார். மிஷின் வாங்கி, வீடு பிடித்து, கையில் இருந்த காசெல்லாம் கரைந்து போச்சு. பெட்டியைப் பிரித்து எழுத்தை அடுக்கிக்கூட முடிக்கலை. அதற்குள் ஜார்ஜ் ஹவுஸ் என்ற பழக்கக்காரர் ஒரு கிராமத்து ஆளைக் கூட்டிக்கிட்டு வந்தார். அச்சடிக்க இடம் எங்கே என்று தெருவில் விசாரித்துக்கொண்டு இருந்தாராம் அந்த ஆள். அதில் கிடைத்தது ஐந்து ஷில்லிங். பிறகு எவ்வளவோ சம்பாதித்தும் அந்த முதல் ஐந்து ஷில்லிங் தந்த சந்தோஷம் எதுவும் தரலை என்று வயசான காலத்திலும் அவர் நினைத்துப் பார்த்திருக்கிறார். புதுசாகத் தொழில் ஆரம்பிக்கிற யாரைப் பார்த்தாலும் உதவணும் என்ற எண்ணம் அதனால்தான் வந்ததாம். நம்ம கையால் செய்த பொருளுக்கு முதல் காசு வாங்கின நாளை நம்மில் யார் மறந்திருக்கோம்?

அடுத்து, வெள்ளிக்கிழமைக் குழுவில் இருந்த ஜோசப் பிரைன்ட்னால் ஒரு பெரிய வேலை பிடித்துத் தந்தார். பத்திரம் நகல் எழுதுகிற அவருக்குப் பலபேரோட பழக்கம் உண்டு. குவேக்கர் சபைக்காரங்க ஒரு பெரிய வரலாற்றுப் புத்தகம் அச்சடித்துக்கொண்டு இருந்தாங்க. அதில் 40 தாள் வேலை இவங்களுக்கு வந்தது. கூலி குறைவு, வேலை கஷ்டம். தினம் ஒரு தாள் கோர்த்தே தீருவது என்று பிராங்க்ளின் முடிவு செய்தார். ராத்திரி 11 மணி, அதற்கு மேலும் ஆகும். ஒரு நாள் ராத்திரி வேலை முடிந்தது என்று நிமிரும்போது கோர்த்து வைத்த எழுத்து சரிந்து இரண்டு பக்கம் பாழானது. அத்தனையையும் பிரித்து மறுபடி கோர்த்துவிட்டுத்தான் படுக்கப் போனார்.

அந்த நகரத்து வியாபாரிகளும் தினம் ராத்திரி ஓரிடத்தில் கூடுவாங்க. புது அச்சகம் தேறாது, ஏற்கெனவே இரண்டு இருக்கே என்று அங்கே பேச்சு வந்தது. பேர்ட் என்ற டாக்டர் மட்டும் ஒத்துக்கலை. நான் கூட்டம் முடிந்து வீட்டுக்குப் போகும்போதும் அந்தப் பையன் வேலை செய்றான், காலையில் அக்கம்பக்கத்தார் எழுந்திருக்கும் முன்னேயும் வேலை செய்றான் என்று சொன்னார். அதைக் கேட்ட வியாபாரி ஒருத்தர், எழுதுபொருள் எல்லாம் நான் தருகிறேன், விற்கிறீங்களா என்று தானே வந்து கேட்டார்.

இங்கே இரண்டு விஷயம் இருக்கு. பிராங்க்ளின் அந்தக் கூட்டத்தில் இல்லை, ஆனாலும் அவரைப் பற்றி நல்லதாகச் சொல்ல ஒரு ஆள் இருந்தார். அப்படிச் சொல்லும்படி இவர் வேலையும் இருந்தது. வேலை சரியில்லாமல் கூட்டத்துக்கு மட்டும் போனால் பயனில்லை. வீட்டுக்குள்ளே எவ்வளவு நல்லா செய்தாலும் நாலு பேருக்குத் தெரியாமல் இருந்தால் அதுவும் விலை போகாது. இது தெரிந்துதான் பிராங்க்ளின், கடையில் வாங்கின காகிதத்தைத் தானே தள்ளுவண்டியில் வைத்து எல்லாரும் பார்க்கத் தெருவழியாகத் தள்ளிக்கிட்டு வருவாராம்!

ஆபத்தில் வந்த இரண்டு பேர்

கொஞ்ச நாளில் பெரிய சோதனை வந்தது. மிஷின் வாங்கின கணக்கில் 200 பவுண்டு கொடுக்கணும். (பவுண்டு, ஷில்லிங்தான் அங்கே அப்போது புழங்கின பணம்.) மெரிடித்தின் அப்பா தருவதாகச் சொல்லி, 100 தான் தர முடிந்தது. பாக்கிக்காக வியாபாரி வழக்குப் போட்டுவிட்டார். மிஷினும் எழுத்தும் ஏலத்துக்குப் போகிற நிலைமை.

அப்போது வெள்ளிக்கிழமைக் குழுவில் இருந்து வில்லியம் கோல்மன், ராபர்ட் கிரேஸ் என்ற இரண்டு பேர் வந்தாங்க. ஒருத்தர் வந்தது இன்னொருத்தருக்குத் தெரியாது. இவர் கேட்கவும் இல்லை. தொழிலை நீயே எடுத்து நடத்து, வேண்டிய பணம் நான் தருகிறேன் என்று இரண்டு பேரும் தனித்தனியாகச் சொன்னாங்க. மெரிடித் குடித்துவிட்டுத் தெருவில் திரிவது அவங்களுக்குப் பிடிக்கலை. ஆனால் பிராங்க்ளின் பங்காளியைத் தானாக விலக்கலை. எனக்கு இந்தத் தொழில் சரிப்படாது, நான் விவசாயத்துக்கே போறேன் என்று மெரிடித்தே சொன்ன பிறகுதான் கணக்கை முடித்தார். பணத்தையும் ஒருத்தரிடம் மட்டும் வாங்கினால் மற்றவர் மனசு நோகுமே என்று இரண்டு பேரிடமும் பாதிப் பாதியாக வாங்கினார். 1730ல் அச்சகம் அவருக்கே சொந்தமானது.

நட்பின் நம்பிக்கையில் வந்த கடன் இது. வாரா வாரம் பக்கத்தில் உட்கார்ந்து பேசினதில், இவன் நாணயமானவன் என்று அந்த இரண்டு பேருக்கும் தெரிந்திருந்தது. அதுதான் ஈடு. நம்ம குழுவில் உள்கடன் கொடுக்கிறதும் இதே நம்பிக்கையில்தானே!

ஒரு குழு பல குழுவானது

1731ல் பிராங்க்ளின் சந்தா கட்டிப் படிக்கிற நூலகம் ஆரம்பித்தார். முதலில் குழுவில் இருந்தவங்க தங்கள் புத்தகத்தை ஒரே அறையில் கொண்டுவந்து வைத்துப் பார்த்தாங்க. பராமரிப்பு இல்லாமல் சரிப்படலை, ஒரு வருஷத்தில் அவரவர் திரும்ப எடுத்துக்கிட்டாங்க. அதன்பிறகு 50 பேரைச் சேர்த்து, ஆளுக்கு 40 ஷில்லிங்கும் வருஷம் 10 ஷில்லிங்கும் வாங்கிப் புத்தகம் வாங்கினார். சந்தா கேட்டுப் போனபோது, இது என் யோசனை என்று சொன்னால் ஜனங்க தயங்கினாங்க. அதனால் நண்பர்கள் பலபேர் சேர்ந்து செய்கிற காரியம் என்றே சொன்னார், வேலை சுலபமாக நடந்தது. கூட்டமைப்பில் பொறுப்பில் இருக்கிற அக்காமார் இதை மனசில் வைக்கணும்.

1736ல் தீயணைக்கிற சங்கம் ஒன்று, 30 பேர். ஒவ்வொருத்தர் வீட்டிலும் தோல் வாளி இருக்கணும், மாசம் ஒரு கூட்டம். வராதவங்களுக்கு அபராதம். அந்த அபராதக் காசைச் சேர்த்துத்தான் தண்ணீர் அடிக்கிற இயந்திரமும் ஏணியும் வாங்கினாங்க.

வெள்ளிக்கிழமைக் குழு நல்லா நடக்கிறதைப் பார்த்து, குழுவில் இருந்தவங்க தங்கள் நண்பர்களையும் சேர்க்க ஆசைப்பட்டாங்க. 12 பேர் என்பதைத் தாண்ட வேண்டாம் என்று பிராங்க்ளின் நினைத்தார். அதனால் குழுவில் இருக்கிற ஒவ்வொருத்தரும் தனியாக ஒரு குழு ஆரம்பிக்கட்டும், அங்கே நடக்கிறதை இங்கே வந்து சொல்லட்டும் என்றார். ஐந்தாறு குழு அப்படி உருவாச்சு. படிக்கும்போதே எனக்கு ஆச்சரியம். நம்ம குழுக்களும் கூட்டமைப்பும் மாதிரியே இல்லையா?

பெண்கள் இருந்த இடம்

ஒரு குறையையும் சொல்லணும். அந்த வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில் பெண் ஒருத்தர்கூட இல்லை. ஆனால் தொழிலில் பெண் உழைப்பு இருந்தது. 1730ல் மனைவியான டெபோரா, புத்தகத் தாளை மடித்துத் தைத்தார், கடையைப் பார்த்தார், காகிதம் செய்கிறவங்களுக்காகப் பழந்துணி வாங்கிச் சேர்த்தார். அவர் உழைப்பு இல்லாமல் இவர் கூட்டத்துக்குப் போயிருக்க முடியாது.

இன்னொரு பெண்ணின் கதை நமக்கு ரொம்ப முக்கியம். பிராங்க்ளின் வேற ஊர்களிலும் பங்குக்கு அச்சகம் வைத்துக் கொடுத்தார். சார்ல்ஸ்டன் நகரத்தில் ஒருத்தருக்குக் கொடுத்தார். அவர் படித்தவர், ஆனால் கணக்கு மட்டும் ஒழுங்காக அனுப்பவே மாட்டார். 1738ல் அவர் இறந்துபோனார். பிள்ளைகளோடு தனியாக நின்ற அவர் மனைவி எலிசபெத் டிமோத்தி தொழிலைக் கையில் எடுத்தார். அவர் ஹாலந்து நாட்டில் பிறந்து வளர்ந்தவர், அங்கே பெண் பிள்ளைகளுக்கும் கணக்கு எழுதச் சொல்லிக் கொடுப்பாங்க. மூன்று மாசத்துக்கு ஒரு முறை தவறாமல் தெளிவான கணக்கு வந்தது. பத்திரிகையையும் நிற்காமல் நடத்தினார். பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கி, கடைசியில் அச்சகத்தையே பிராங்க்ளினிடம் விலைக்கு வாங்கி மகனுக்குக் கொடுத்தார். ஆட்டம் பாட்டம் கற்றுக்கொடுப்பதைவிடப் பெண்களுக்குக் கணக்குக் கற்றுக்கொடுப்பது நல்லது என்று பிராங்க்ளின் எழுதி வைத்தது இவரைப் பார்த்துத்தான்.

கடைசிக் காலம்

42 வயசில், 1748ல், அச்சகத்தைப் பங்காளியிடம் விட்டுவிட்டு ஆராய்ச்சிக்கும் ஊர்ப் பொதுக் காரியத்துக்கும் வந்தார். 1751ல் ஊரில் மருத்துவமனை வர உதவினார். 1752ல் அந்தப் பட்டம். 1776ல் அமெரிக்க விடுதலைப் பிரகடனத்தில் கையெழுத்துப் போட்டார். 1783ல் இங்கிலாந்தோடு சமாதான ஒப்பந்தம், 1787ல் அரசியல் சட்டம், எல்லாவற்றிலும் அவர் பங்கு உண்டு.

குறையே இல்லாத மனுஷர் என்று சொல்ல மாட்டேன். அவர் வீட்டிலேயே அடிமைகள் இருந்தாங்க. வயசான பிறகுதான் அடிமைமுறையை ஒழிக்கிற சங்கத்துக்குத் தலைவராகி அதை எதிர்த்தார். 1764ல் லண்டன் போனவர் பத்து வருஷம் மனைவியை வந்து பார்க்கலை. 1774ல் டெபோரா இறந்தபோதும் அவர் ஊரில் இல்லை. வெளியே போகிறவங்க வீட்டையும் மறக்கக் கூடாது என்பதை இதிலிருந்து எடுத்துக்கலாம்.

1790 ஏப்ரல் 17ந் தேதி, 84 வயசில் காலமானார். அவர் உயிலில் பாஸ்டனுக்கும் பிலடெல்பியாவுக்கும் தலா 1000 பவுண்டு எழுதி வைத்தார். எதற்கு? கைத்தொழில் பழகி, கல்யாணம் ஆன, 25 வயசுக்குள் இருக்கிற இளைஞர்களுக்குத் தொழில் தொடங்கக் கடன் கொடுக்க. வருஷத்துக்கு நூற்றுக்கு 5 வட்டி. நல்ல பேர் உள்ள இரண்டு பேர் ஜாமீன். திரும்பி வருகிற பணத்தை மறுபடி கடனாகக் கொடுக்கணும், இப்படியே 200 வருஷம். நம்ம சுழல் நிதி மாதிரிதான்! தனக்கு அன்றைக்கு இரண்டு நண்பர்கள் கொடுத்த பணத்தை அவர் கடைசிவரை மறக்கலை.

நமக்கு என்ன?

சகோதரிகளே, நம்மில் ஊறுகாய் போடுறவங்க, பாய் பின்னுறவங்க, தையல் மிஷின் வைத்திருக்கிறவங்க, செக்கு எண்ணெய் விற்கிறவங்க எல்லாரும் இருக்கோம். பொருள் நல்லாவே இருக்கு. வாங்குறவங்களுக்கு நம்மைத் தெரியலை, அவ்வளவுதான். அடுத்து சந்திப்பு என்று தகவல் வந்தால் குழுவுக்கு இரண்டு பேராக முறை வைத்துப் போவோம். பஸ் செலவைக் குழுவே ஏற்கட்டும், போகிறவங்க பிள்ளைகளை இருக்கிறவங்க பார்த்துக்கட்டும். பொருளில் கொஞ்சம் மாதிரிக்கு எடுத்து, எடையும் விலையும் எழுதி ஒட்டிக் கொண்டு போவோம். பேர், போன் நம்பர் குறித்துக்க ஒரு நோட்டும் வேணும். தெரியாத இரண்டு பேரிடமாவது பேசுவோம். நம்ம பொருளைப் பற்றிச் சொல்லும்போது, கூட வராத தோழியின் பொருளைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்வோம். திரும்பி வந்ததும் அடுத்த குழுக் கூட்டத்தில் என்ன நடந்தது என்று எல்லாருக்கும் சொல்லித் தீர்மான நோட்டில் எழுதுவோம்.

முதல் தடவை போனதும் ஆர்டர் வந்துடாது. பிராங்க்ளினுக்கும் கூட்டம் ஆரம்பித்த அன்றைக்கே எதுவும் வரலை. வாரம் தவறாமல் போய் உட்கார்ந்தார், அடுத்தவங்களுக்கு உதவினார், தனக்கு ஆபத்து வந்த நாளில் இரண்டு பேர் வந்தாங்க. 12 பேர் கொண்ட அந்த வெள்ளிக்கிழமைக் குழுவில் நமக்கு நாற்காலி போடலை. இன்றைக்கு நமக்கு என்றே கூட்டம் போட்டுப் பேர் சொல்லிக் கூப்பிடுறாங்க. போகாமல் இருக்கலாமா?